பதினொரு ஞாயிறு வராத இரண்டு வரி

உங்களில் ஒருவரும் கைநீட்டிக் காசு வாங்கமாட்டீர்கள். அது எனக்குத் தெரியும். தொழில்நுட்பப் பக்கத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதித் தாருங்கள் என்று ஆசிரியபீடத்திலிருந்து கேட்டார்கள். லஞ்சம், அன்பளிப்பு, கம்பனிக்காரர் வைக்கும் விருந்து என்று எழுதுவேன் என நினைத்திருப்பார்கள். அதை எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் இருபது வருடம் அந்தப் பக்கத்தை நடத்தினேன். ஒரு ரூபாய் தப்பாக வாங்கியதில்லை. பரிசோதிக்கத் தந்த போன்களைப் பெட்டியோடு, கண்ணாடியில் இருந்த பிளாஸ்டிக் தாளைக்கூடத் திரும்ப ஒட்டி, திருப்பிக் கொடுத்தவன். அப்படியொரு சுத்தக்காரன் செய்த அநியாயத்தைத்தான் உங்களுக்கு எழுதப்போகிறேன்.

பள்ளிவாசல்துறையில் என் ராத்தாவின் வீட்டில் இருந்து எழுதுகிறேன். ராத்தா என்றால் எங்கள் ஆட்களிடம் மூத்த சகோதரி. நான் கல்யாணம் முடிக்கவில்லை. எனக்கென்று இருந்தது ராத்தா ஒருவர்தான். இப்போது வீடு இருக்கிறது, அவர் இல்லை. காலையில் வள்ளங்கள் வரும்போது கரையில் கொஞ்சம் சத்தம் கேட்கும். அதன்பிறகு பொழுதுபடும்வரை என்னோடு கதைக்க ஆள் இல்லை. கொழும்பில் பக்கத்து மேசைக்காரன் பலத்துச் சிரித்தால் எரிந்து விழுந்தவன் நான். இப்போது பேக்கரிப் பாண் விற்கும் ஓட்டோவின் பாட்டுச் சத்தம் கேட்டால், வீட்டில் பாண் இருந்தாலும் வெளியே போய் நிற்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். போன்களுக்குள் இருந்து அவற்றை ஓட்டுகிற தளங்கள் இரண்டு. ஒன்று விலை கூடிய போன்களில் வருவது, மற்றது மலிவான போன்களில் வருவது. பெயர் எதற்கு? விலைத்தளம், மலிவுத்தளம் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் எழுதப்போகிற செய்தியில் பாதி இந்த இரண்டின் சண்டையாகத்தான் இருக்கும்.

ஓசியில் வந்த போன் எதுவும் என்னைக் கெடுக்கவில்லை. என்னைக் கெடுத்தது சொந்தக் காசில் வாங்கிய போன். ஒருநாள் ஆசை தாங்காமல் விலைத்தளப் போன் ஒன்றை வாங்கினேன். ராத்தாவிடம் விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அப்படியும் அவர் தலையில் கைவைத்து, அந்தக் காசுக்கு ஒரு வள்ளத்துக்கு எஞ்சின் போடலாமே என்றார். அன்றைக்குப் பிடித்தது எனக்குப் பைத்தியம். இவ்வளவு கொட்டி வாங்கியவன் நான் ஏமாந்தேன் என்று சொல்வேனா? அந்தப் போனில் ஒரு குறை வந்தால் என் வீட்டுப் பிள்ளையின் குறைபோல மூடி மறைத்தேன். மற்றதில் குறை வந்தால் அயல்வீட்டுப் பிள்ளை, ஊரைக் கூட்டினேன். இதை நான் தெரிந்து செய்யவில்லை. தெரிந்து செய்திருந்தால் நிறுத்தியிருப்பேன், அதுதான் இதிலுள்ள ஆபத்து.

இதை முதலில் கண்டுபிடித்தவர் எங்கள் ஒப்புநோக்கும் பகுதியில் இருந்த ஒரு பெண். பெயர் வேண்டாம், அவர் விரும்பமாட்டார். அதிகம் கதைக்காத ஆள். அச்சுக்குப் போகுமுன் என் பக்கத்தின் பிரதியை வாசித்து, பிழை திருத்தி அனுப்புவது அவருடைய வேலை. ஒருநாள் திருத்தி வந்த பிரதியைப் பார்த்தேன். விலைத்தளத்தில் 'பாரிய பாதுகாப்பு ஓட்டை' என்று இருந்தது. மலிவுத்தளத்தில் 'சிறிய தடங்கல், பயனர்கள் பதற்றமடையத் தேவையில்லை' என்று இருந்தது. நான் எழுதியது நேர் எதிர். பிரதியைச் சுருட்டிக்கொண்டு அவர் மேசைக்குப் போய், என்ன விளையாட்டு இது என்று சத்தம் போட்டேன். மண்டபமே திரும்பிப் பார்த்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்:

"சேர், பேரை மட்டும்தான் மாத்தி வச்சன். வேற ஒரு எழுத்தும் தொடல்ல. வாசிச்சா உங்களுக்கே கூசுதா எண்டு பாக்கத்தான்."

கூசியது. உண்மையாகவே கூசியது. இரண்டும் ஒரே மாதிரிக் கோளாறு. ஒன்றுக்கு நான் குடை பிடித்திருந்தேன், மற்றதுக்குக் கல்லெறிந்திருந்தேன். ஆனால் கூசினால் மனிதன் என்ன செய்வான்? திருந்துவான் என்று நினைக்கிறீர்கள். நான் பிரதம ஆசிரியரிடம் போய், என் பக்கத்தை ஒப்புநோக்க வேறு யாரிடமாவது கொடுங்கள், அந்தப் பிள்ளைக்குத் தொழில்நுட்பம் விளங்குதில்லை என்று சொன்னேன். அடுத்த வாரமே மாற்றிவிட்டார்கள். பிறகு வந்தவர் காற்புள்ளி மட்டும் திருத்துவார். எனக்குச் சுகமாக இருந்தது.

அந்தச் சுகத்தில்தான் அந்த வெள்ளிக்கிழமை வந்தது.

எங்கள் பக்கம் ஞாயிறு இதழில் வரும். வெள்ளி பின்நேரம் முடித்துக் கொடுக்கவேண்டும். கடைசி நேரத்தில் வெளிநாட்டுச் செய்தி ஒன்று வந்தது. ஒரு குறுஞ்செய்தியை அனுப்பி, போனின் கமராவை உரியவருக்குத் தெரியாமல் அந்நியர் திறந்து பார்க்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்திருந்தார்கள். முதலில் கண்டது மலிவுத்தளத்தில். முதல் நாலு பந்தியும் அதைப் பற்றியது. ஐந்தாம் பந்தி, அதே ஓட்டை விலைத்தளத்திலும் இருக்கிறது என்றது. ஆறும் ஏழும் ஆராய்ச்சியாளரின் பல்கலைக்கழகப் பெருமை.

நான் 'உங்கள் வீட்டுக்குள் ஓர் அந்நியக் கண்' என்று தலைப்புப் போட்டு, நடுவில் பெரிதாக ஒரு கண்ணின் படத்தை வைக்கச் சொன்னேன். பக்கம் வடிவமைக்கும் தம்பி, சேர், எட்டு வரி கூடப் போகுது, படத்தைச் சின்னனாக்கவா, வரியை வெட்டவா என்று கேட்டார். அச்சுக்குப் போகக் கால் மணித்தியாலம் இருந்தது. படம் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

பத்திரிகையில் இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவது வழக்கம், அது உங்களுக்கும் சொல்லித் தந்திருப்பார்கள். கீழே ஆறும் ஏழும் இருந்தன. வெட்டினால் ஒருவருக்கும் ஒரு நட்டமும் இல்லை. என் கை அவற்றைத் தாண்டி மேலே போய் ஐந்தாம் பந்தியை வெட்டியது. சரியாக எட்டு வரி. அளந்து வெட்டியதுபோல் இருக்கிறது என்று வடிவமைத்த தம்பி சிரித்தார். என் விலைத்தளப் போன் மேசையில் கிடந்தது. நான் அதைப் பார்த்தேனா இல்லையா என்று இன்றைக்கும் சத்தியம் பண்ண முடியாது.

அந்த ஞாயிறு என் பக்கம் ஊரெல்லாம் ஓடியது. படமெடுத்துப் படமெடுத்து அனுப்பினார்கள். பிரதம ஆசிரியர் தோளில் தட்டினார். வெட்டிய பந்தியைப் பற்றி ஒரு மனிதன் கேட்கவில்லை.

அடுத்த புதன்கிழமை மலிவுத்தளக்காரர்கள் ஓட்டையை அடைத்துவிட்டார்கள். அறிக்கை என் மின்னஞ்சலுக்கு வந்தது. வாசித்தேன். சரியாகிவிட்டது என்பதும் ஒரு செய்தியா என்று மூடி வைத்தேன். விலைத்தளக்காரர்களும் அதே வாரம் அடைத்தார்கள். அதற்கு மட்டும், ஓட்டை என்ற சொல்லே வராமல், 'பாதுகாப்பு மேலும் பலப்படுத்தப்பட்டது' என்று ஒரு பெட்டிச் செய்தி போட்டேன். வெட்கம் கெட்ட வேலை. அன்றைக்கு அது வெட்கமாகத் தெரியவில்லை.

இனி ராத்தா.

ராத்தாவுக்கு ஒரே மகன், இர்ஷாத். கட்டாரில் வேலை. ஒரு விடுமுறைக்கு வந்தபோது உம்மாவுக்கு மலிவுத்தளப் போன் ஒன்று வாங்கிக் கொடுத்து, முகம் பார்த்துக் கதைக்கப் பழக்கிவிட்டுப் போனான். அவனுக்கு அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், இங்கே ராத்தா அஸர் தொழுதுவிட்டு இருக்கிற நேரம். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்துவைத்துவிட்டு அடுப்படியில் இருந்தபடியே கதைப்பார். கறிச்சட்டியைச் சரித்துக் காட்டுவார். அவன் என்ன சாப்பிடுகிறான் என்று சாப்பாட்டுக் கோப்பையைக் காட்டச் சொல்வார். நான் போயிருந்த ஒருநாள் இதைப் பார்த்து, இதென்ன படப்பிடிப்பா என்று பகிடி பண்ணினேன். உனக்கென்னடா தெரியும் என்றார். எனக்குத் தெரியாதுதான்.

என்னோடு வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அவரே கதைப்பார். நானாக அழைப்பது குறைவு. வேலை, வேலை என்று சொல்லியே பழகிவிட்டேன். பிறகு அந்த அழைப்பு நின்றுபோனது. அந்த முறை ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நான் ஊருக்கு வரவில்லை. விலைத்தளக் கம்பனியின் புதுப் போன் அறிமுக விழாவுக்கு வெளிநாடு போய்விட்டேன். அந்தக் கோபத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன். இரண்டு தரம் எடுத்துப் பார்த்தேன், போன் நிறுத்தப்பட்டிருந்தது. சார்ஜ் போட மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன். இன்னும் உண்மையைச் சொன்னால், ஒரு வேலை குறைந்தது என்றுகூட இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை, ராத்தாவின் வீட்டுக்கு முன்னால் ஓட்டோ வைத்து ஓடுகிற சப்ராஸ் போன் எடுத்தார். என்னை நானா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறவர்.

"நானா, ராத்தா மௌத்து. சுபஹுத் தொழுகைக்கு எழும்பல்ல."

கொழும்பிலிருந்து, ஊருக்குத் திரும்பும் பாலாவிச் சந்திவரை பஸ்ஸில் நின்றபடி வந்தேன். இடம் இருந்தது, இருக்க முடியவில்லை. பாலாவியில் சப்ராஸ் ஓட்டோவோடு நின்றார். அன்றைக்கே அஸரோடு அடக்கம். இர்ஷாத்தால் வந்து சேர முடியாது. சப்ராஸ் தன் போனைப் பிடித்து அவனுக்கு ராத்தாவின் மையித்தைக் காட்டினார். அவன் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை மட்டும் சொன்னான்: ரெண்டரை மாசத்துக்குப் பொறகு உம்மாட முகத்த இப்பதான் பாக்கிறன்.

எனக்கு விளங்கவில்லை. ஒவ்வொரு நாளும் முகம் பார்த்தவர்களுக்கு ரெண்டரை மாதம் என்னவாயிற்று? ஆட்கள் எல்லாம் போனபிறகு சப்ராஸிடம் கேட்டேன். அவர் முதலில் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, நானா, உங்களுக்குத் தெரியாதா என்று என்னையே கேட்டார்.

அந்த ஞாயிறு ராத்தா என் பக்கத்தை வாசித்திருக்கிறார். நான் எழுதுகிற காலம் தொட்டு அவர் ஒரு ஞாயிறு விட்டதில்லை. பத்திரிகை பாலாவிக்குப் பஸ்ஸில் வரும், சப்ராஸ் கொண்டுவந்து கொடுப்பார். அந்தக் கண்ணின் படத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறார். வீட்டுக்குள் முக்காடில்லாமல் திரிந்த நேரமெல்லாம் யாரோ பார்த்திருப்பானோ என்று அழுதாராம். உடனே போனை நிறுத்தி, துணியில் சுற்றி, அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்.

இர்ஷாத் பயந்துபோய் சப்ராஸின் போனுக்கு எடுத்திருக்கிறான். ராத்தா ரோட்டில் நின்றபடி காதில் வைத்து இரண்டு நிமிடம் கதைப்பார், முகம் காட்டமாட்டார். பிறத்தியான் ஓட்டோவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு மகனோடு என்ன கதைப்பது? கோளாறு சரியாகிவிட்டது உம்மா, போனைத் திறங்கள் என்று அவன் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறான். அதற்கு ராத்தா சொன்ன பதிலைச் சப்ராஸ் அப்படியே எனக்குச் சொன்னார்.

"உனக்குத் தெரியுமா, மாமாவுக்குத் தெரியுமா? சரியாகிட்டெண்டா அவன் எழுதாம இரிக்க மாட்டான். அவன் எழுதட்டும், தெறப்பம்."

எனக்கு எடுத்துக் கேட்கச் சொல்லிச் சப்ராஸ் தன் போனை நீட்டியிருக்கிறார். வேண்டாம், அவனுக்கு வேலை என்று மறுத்துவிட்டாராம். என் வாயிலிருந்து பொறுக்கிய சொல்.

மூன்றாம் நாள் அலுமாரியைத் திறந்தேன். வெள்ளைத் துணியில் ஒரு பொதி. உள்ளே போன். அதன் கீழே என் பக்கங்கள், நாலாய் மடித்து, ஞாயிறு வரிசையில். மேலே அந்தக் கண். அதற்குக் கீழே பதினொரு ஞாயிறு. ஒவ்வொன்றின் மூலையிலும் நீலப் பேனையால் ஒரே சொல்: இல்லை. இல்லை. இல்லை. நான் புதுப் போன் விழாவிலிருந்து அனுப்பிய, முழுப்பக்கம் வந்த அந்தப் புகழ்மாலையின் மூலையிலும் இல்லை. விலைத்தளத்தின் பாதுகாப்புப் பலப்படுத்தப்பட்டது என்ற பெட்டிச் செய்தியைச் சுற்றி மட்டும் ஒரு வட்டம் போட்டு, பிறகு கோடிழுத்து அடித்திருந்தார். தன்னுடைய போனுக்கில்லை என்று கண்டுகொண்டிருக்கிறார். என் பக்கத்தை இவ்வளவு கவனமாக வாசித்த ஆள் வேறு யாரும் இருக்கமுடியாது. நான் அங்கேயே நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். வயதான மனிதன் அழுகிற அழுகை பார்க்க நன்றாக இராது. பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

நாலு மாதம் கழித்து இர்ஷாத் வந்தான். அலுமாரியைத் திறந்து காட்டினேன். மறைத்திருக்கலாம். இனியும் ஒரு பந்தியை வெட்ட என்னால் முடியவில்லை. அவன் எல்லாப் பக்கத்தையும் ஒவ்வொன்றாக விரித்து மூலைகளைப் பார்த்துவிட்டுத்தான் நிமிர்ந்தான்.

"மாமா, சரியாகிட்டெண்டு நீங்க அறிஞ்சீங்களா?"

"ஓம்."

"எப்ப?"

"அடுத்த புதன்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பியிருப்பேன். போனிலிருந்து சிம்மை மட்டும் கழற்றிப் பேர்ஸில் வைத்தான். பக்கங்களைத் திரும்ப மடித்து, துணியில் கட்டி, பையில் வைத்துக்கொண்டான். போகும்போது வாசலில் நின்று சலாம் சொன்னான். அதன்பிறகு இன்றுவரை அவன் எனக்கு எடுக்கவில்லை. நான் எடுத்தால் மணி அடித்து ஓயும்.

ஓய்வு பெற்றதும் இங்கே வந்துவிட்டேன். வந்த வருடம் அந்த ஒப்புநோக்கும் பெண்ணின் எண்ணைத் தேடி எடுத்து, நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நான் சொன்னேன்தானே என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். ராத்தாவுக்கு என்ன வயது சேர் என்று மட்டும் கேட்டார்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, எழுதி முடித்தால் பெயர்களை மாற்றிப் போட்டு ஒருதரம் வாசியுங்கள். கூசினால் அந்தக் கூச்சத்தை வேறு பகுதிக்கு மாற்றம் பண்ணி அனுப்பாதீர்கள், நான் செய்ததுபோல. உங்கள் பையில் எந்தப் போன் இருக்கிறது என்று நினைவு வைத்திருங்கள். ஒன்றைத் திறக்காதே என்று எழுதினால், திறக்கலாம் என்று எழுதவும் நீங்கள்தான் கடமைப்பட்டவர்கள். அதே இடத்தில், அதே அளவில். பயப்படச் சொன்னவனுடைய வாயிலிருந்துதான் பயம் தெளிந்தது என்று கேட்கச் சனங்கள் காத்திருப்பார்கள். எங்கேயோ ஒரு கரையில், ஓட்டோவில் வரும் பத்திரிகைக்காக.

நான் எழுதாமல் விட்டதை இப்போதாவது எழுதிவிடுகிறேன். எட்டு வரிகூட வேண்டாம், இரண்டு வரி போதும்:

மலிவுத்தளப் போன்களில் இருந்த கமராக் கோளாறு சரிசெய்யப்பட்டுவிட்டது. இனி அவற்றைத் தயக்கமில்லாமல் திறக்கலாம்.

இந்தக் கட்டுரையை உங்களுக்கு அனுப்புமுன் நேற்று இர்ஷாத்துக்கு அனுப்பினேன், ராத்தாவின் போனிலிருந்து. அதில் இப்போது என் சிம் இருக்கிறது, விலைத்தளப் போனை விற்றுவிட்டேன். அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது இரண்டு நீலக் கோடு விழுந்திருந்தது. வாசித்துவிட்டான். பதில் இல்லை. சீனிப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்திருக்கிறேன், சார்ஜ் இறங்கவிடாமல்.